எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போட்ட கம்ப்யூட்டர்

கெசியாவை அந்தக் கம்பெனியில் எல்லோரும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அரங்கசாமியும் அப்படித்தான். ஆனால் மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் வரும் டீ, அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் வரும். ஏன் என்று கேட்டால், “நமக்குள்ள என்ன கண்ணு வித்தியாசம்? கப்புன்னா கழுவற வேலை மிச்சம், அவ்வளவுதான்” என்பார்கள். குரல் உயராது. முகம் சுளிக்காது. இத்தனை இனிக்க இனிக்க ஒருத்தியைத் தள்ளிவைக்க எங்கள் கொங்கு நாட்டில்தான் முடியும்.

அவள் அப்பா பாக்கியசாமி ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக் கூலி. காலனி வீடு. மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவள், கோவையில் கம்ப்யூட்டர் டிப்ளமோவை முதல் வகுப்பில் தேறினாள். பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த இந்தத் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது பெட்டிகளின் விவரத்தைத் தட்டச்சு செய்யும் வேலை. ‘சிஸ்டம் இன்ஜினியர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தவன் முதலாளியின் அக்கா மகன் திருமூர்த்தி. அவன் படித்தது பி.காம்.; கம்ப்யூட்டரில் மூன்று மாதக் கோர்ஸ்.

1999 அக்டோபரில், கம்பெனியிடம் துணி வாங்கும் ஜெர்மனிக்காரர் ஒரு பார்கோடு ரீடரை அனுப்பிவைத்தார். ஒவ்வொரு பெட்டியையும் அதனால் படித்துப் பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் சரக்கு வரக் கூடாது. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். ரீடரின் முனை யு.எஸ்.பி. கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதன் மையமான கெர்னலுக்கு யு.எஸ்.பி. என்றால் என்னவென்றே தெரியாது. பத்திரிகையோடு வந்த சி.டி.யில் புதிய சோதனைக் கெர்னல் ஒன்று இருந்தது. அதில் யு.எஸ்.பி.யைச் சேர்த்து, நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவதற்கு முன் கம்ப்யூட்டர் நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா? வேண்டுமென்றால் ‘ஒய்’, வேண்டாமென்றால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டும். புரியவில்லையா, கேள்விக்குறியைத் தட்டினால் விளக்கமே சொல்லும்.

புது வேலை ஆயிற்றே! விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தார்கள். மானிட்டருக்கு மாலை, கீபோர்டுக்குச் சந்தனம். திருமூர்த்தி உட்கார்ந்தான். முதல் கேள்விக்கு ‘என்’ என்ற எழுத்தைத் தட்டினான்.

“அதென்ன மாப்ள?” என்றார் அரங்கசாமி.

“இது நமக்கு இல்லைன்னு போடறனுங்க மாமா.”

“நல்ல நாளும் அதுவுமா இல்லைங்கிறயா? ஊட்டுல அரிசி தீந்தாக்கூட அந்தச் சொல்லை நாங்க எடுக்கறதில்ல. எல்லாத்துக்கும் ஆமான்னே போடு.”

போட்டான். கம்பெனியில் இல்லாத டேப் டிரைவுக்கு ஆமாம். ஜாய்ஸ்டிக்குக்கு ஆமாம். அமெச்சூர் ரேடியோவுக்கும் ஆமாம். ஒரு கேள்விக்காவது கேள்விக்குறியைத் தட்டினானா? தட்டவில்லை. கேள்வி கேட்டே பழக்கமில்லாத குடும்பம். கம்ப்யூட்டர் மத்தியானம் வரை அரைத்து, கடைசியில் ஒற்றை வரியில் கையை விரித்தது: சிஸ்டம் அளவு மீறிப் பெரிதாகிவிட்டது. புதன்கிழமை வேறொரு நல்ல நேரத்தில் மறுபடி அதே ஆமாம்கள். அதே ஒற்றை வரி.

திரையில் இருந்த அந்த வரியை ஒருவரும் நம்பவில்லை. கோயில் பூசாரி பங்காருவைக் கூட்டிவந்து கேட்டார்கள். “பூசைக்கு முந்தி ஆரோ மெஷினைத் தொட்டிருக்கறாங்க” என்றார் அவர்.

எல்லோரும் கெசியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். விஜயதசமியன்று காலையில் அவள்தான் உள்ளே போய்ப் பிளாப்பிகளில் பேக்கப் எடுத்திருந்தாள். தினமும் அவள் செய்ய வேண்டிய வேலை அது.

“உன்னையத் தப்புச் சொல்லல கண்ணு” என்றார் அரங்கசாமி. “நாளையில இருந்து நீ வர வேண்டாம். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத.”

இதுதான் தீர்ப்பு. சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. மெஷினிடம் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூசியவர், ஒரு பெண்ணின் சோற்றுக்கு அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“நான் தொட்டதாலதான் ஓடலைங்களா?” என்று கேட்டாள் கெசியா.

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப நான் தொட்டே ஓடவெச்சுப்போட்டா?”

திருமூர்த்தி சிரித்தான். “ரெண்டு நாளா நானே முட்டீட்டு இருக்கறேன். அம்மணி வந்து கிழிக்கப் போறாங்களாமா.”

“வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போகோணுமில்லீங்க?” என்றாள் அவள், முதலாளியை மட்டும் பார்த்து.

நியாயத்துக்கு அசையாத மனிதர் கன்டெய்னருக்கு அசைந்தார். வியாழக்கிழமை ஒரு நாள். முடியாவிட்டால் அன்றோடு கணக்கு முடிந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். டேப் டிரைவா? என். ஜாய்ஸ்டிக்கா? என். ரேடியோவா? என். தெரியாத இடத்தில் எல்லாம் கேள்விக்குறியைத் தட்டி, வந்த விளக்கத்தை முழுக்கப் படித்தாள்.

“அங்க பாருங்க மாமா, அபசகுனமா இல்ல இல்லைன்னே தட்டறாங்க” என்றான் திருமூர்த்தி.

“சித்த சும்மா இருங்க. கேள்வி தப்பிப்போகும்” என்றாள் கெசியா.

யு.எஸ்.பி. வந்தது. ஒய். அதை இயக்கும் சில்லில் இரண்டு வகை உண்டு, உங்களுடையது எது என்றது அடுத்த கேள்வி. தங்கள் மெஷினில் இருப்பது இன்டெல் சில்லு என்று முன்னாலேயே பார்த்து வைத்திருந்தாள். அதற்கு உரியதற்கு ஒய், மற்றதற்கு என். பார்கோடு ரீடர் தன்னைக் கீபோர்டாகத்தான் காட்டிக்கொள்ளும். அந்த வகைக் கருவிகளுக்கும் ஒய். மிச்சமெல்லாம் என். முக்கால் மணி நேரத்தில் கட்டி முடிந்தது. பழைய கெர்னலை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துவிட்டு, புதியதில் கம்ப்யூட்டரைக் கிளப்பினாள்.

ஒரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி ரீடரைக் காட்டினாள். ‘பீப்’ என்றது. பெட்டியின் எண் திரையில் வந்து நின்றது.

“நான் போட்டதும் இதே யு.எஸ்.பி.தானுங்க மாமா” என்றான் திருமூர்த்தி.

“அது கூடவே ஊர்ல இருக்கறதையெல்லாம் அது தலைல ஏத்துனீங்க” என்றாள் கெசியா. “அத்தனையும் சுமந்துட்டு எப்படிங்க எந்திரிக்கும்?”

அரங்கசாமிக்கு வாயெல்லாம் பல். “கெட்டிக்காரி கண்ணு நீ!” இதோடு முடிந்திருந்தால் அவரை மன்னித்திருக்கலாம். அதற்குள் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு பங்காரு வாசலில் நின்றார்.

“ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய நில்லு கண்ணு. தண்ணி தெளிச்சுப்போட்டுக் கூப்புடறோம்.”

“இல்லீங்க.”

அந்த அறையில் அதுவரை யாரும் அவரிடம் சொல்லாத சொல்.

“என்ன கண்ணு?”

“நான் எந்திரிக்க மாட்டனுங்க. நான் தொட்டதைக் கழுவோணும்னா, நான் செஞ்சதையும் அழிச்சுப்போட்டுப் போறேன். பழைய கெர்னல் அப்படியே இருக்குது. ரெண்டு நிமிஷத்துல பழையபடி ஆயிப்போகும்.” அவள் விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது.

வெளியே ஆயிரத்து நூறு பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அரங்கசாமி பெட்டிகளைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார்.

“நீ போயிட்டு அப்பறமா வா பங்காரு” என்றார்.

வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போனது. கெசியா வேலையில் நீடித்தாள். பெட்டிகளைப் படிக்க வேறு யாருக்கும் தெரியாததால் அறையின் சாவியும் அவள் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. யு.எஸ்.பி. வாயில் மஞ்சள் கறை. அவளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் மாற்றுச் சாவியால் திறந்து வேலையை முடித்திருந்தார்கள். அவள் இருக்கும்போது தெளிக்கத் துணிச்சலில்லாத தண்ணீர்! ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். கறையைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்து, ஊதிவிட்டு, ரீடரைச் செருகினாள். ‘பீப்.’

பதினோரு மணிக்கு டீ வந்தது. பிளாஸ்டிக் கப்.

“டம்ளர்ல வந்தாக் குடிக்கறனுங்க” என்று திருப்பி அனுப்பினாள்.

டம்ளர் இன்னும் வரவில்லை. அவள் அங்கே டீ குடிப்பதும் இல்லை.