டாலாவின் கேள்விக் கல்

சென்னையிலிருந்து புறப்பட்ட ஐந்தாம் நாள், காலை ஏழு மணிக்கு எங்கள் கப்பல் ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தது. 1926, தை மாதம். டெக் டிக்கெட் பதினைந்து ரூபாய். படுக்கப் பாயும் குடிக்கத் தண்ணீரும் நம்முடையவை. ஆற்று நீர் செம்மண் கரைத்தது போல இருந்தது. ஷ்வேடகோன் பகோடாவின் பொன் உச்சி தெரிந்ததும் தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா ரங்கூனுக்கு நெல் ஆலை வேலைக்குப் போனார். ஆறு வருஷம் கடிதம் வந்தது. நான்கு வருஷமாக இல்லை. காரியம் செய்துவிடச் சொல்லி உறவினர் அம்மாவை நெருக்கினார்கள். அம்மா என்னிடம் சொன்னாள்: "நம்ம வீட்டில படிச்சவ நீ ஒருத்திதான். போய்ப் பார்த்துட்டு வா. நீ சொன்னா தாலியைக் கழட்டுறேன். ஊர் சொல்லிக் கழட்ட மாட்டேன்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆசிரியப் பயிற்சியில் பௌதிகத்தில் முதல் மாணவி. நான் சொல்வதுதான் தீர்ப்பு என்றபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. லீவு முடிந்து ரங்கூன் திரும்பிய பக்கத்து வீட்டு ஆறுமுகம் சித்தப்பாவின் குடும்பத்தோடு கிளம்பிவிட்டேன். அவர் ரயில்வேயில் பிட்டர். ரங்கூனின் லத்தா பகுதியில் சீனர் கடைகளுக்கு மேலே மாடியறையில் குடியிருப்பு.

ரங்கூன் வந்த இரண்டாம் நாள் நெல் ஆலையில் விசாரித்தோம். நான்கு வருஷத்துக்கு முன் நெல் ஏற்றிவரப் படகில் போனார், படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை என்றார்கள். "அக்கரையில், டாலாவில் மா டின்னைக் கேளுங்கள்" என்றார் ஒரு மேஸ்திரி. 'மா' என்பது பர்மாவில் பெண்கள் பெயருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொல்.

வெளியே வந்ததும் சித்தப்பா தலையைச் சொறிந்தார். "உங்கப்பன் அவ வீட்டிலதான் இருந்தான். எப்படிச் சொல்றதுன்னு கப்பல் பூரா யோசிச்சேன்மா."

டாலாவுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"போனா உன்னைக் கல்லைக் கேக்கச் சொல்லுவா. அவளுக்கு அதுதான் டாக்டர், அதுதான் போலீஸ்."

பகோடாக்களில் இப்படிக் கற்கள் உண்டாம். கனத்தால் இன்ன பதில், லேசானால் இன்ன பதில் என்று நாமே முதலில் சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். கல் பதில் சொல்லும். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லை நிறுத்துப் பார்க்க, வீட்டுக்குக் கீழே மீன் விற்கும் சீனரிடம் இரண்டணா கொடுத்து அவர் எடை போடும் வெள்ளிக்கோலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு சாம்பான் என்ற சிறு படகில் ஆற்றைக் கடந்தோம். ஆளுக்கு அரையணா, இருபது நிமிஷம். டாலாக் கரையிலிருந்து அரை மைல் நடை.

மா டின் வாசலில் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"மூக்கு அவர் மூக்கு" என்றாள் தமிழில். "எனக்கும் புருஷன்தான். கோபமா?"

"கோபம்தான்."

"சரி. சாப்பிட்டுக் கோபப்படு."

சாப்பிடாமல் விடவில்லை. பிறகு கல்லுக்கு அழைத்துப் போனாள். ஊர்ப் பகோடாவின் பின்புறம், ஒரு தகரக் கூரையின் கீழ், பூசணிக்காய் அளவில் வழவழப்பான கல்.

மண்டியிட்டேன். அப்பா உயிரோடிருந்தால் லேசாக இரு என்று மனதுக்குள் சொன்னேன். சோதனைக்காகத்தான். தூக்கினேன். முழங்கால் வரை வருவதற்குள் கை கடுத்துக் கல் நழுவியது. இது வெறும் கல் என்று தெரிந்தும் கண் கலங்கிவிட்டது. நான் எதை எதிர்பார்த்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்து மா டின் தூக்கினாள். அவளுக்கும் கனம்தான், தோள் நடுங்கியது. ஆனால் சிரித்தாள்.

"இருக்கிறார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் கனம்."

"கனம் என்றால் இல்லை என்றல்லவா?"

"யார் சொன்னது? எங்களுக்கு உயிர் வண்ணத்துப்பூச்சி மாதிரி. செத்தவர் லேசு. இருக்கிறவர்தான் கனம்."

கல்லைக் கயிற்றில் கட்டி, நானும் சித்தப்பாவும் கோலைப் பிடித்து நிறுத்தோம். மறுபடி நிறுத்தோம். இரண்டு தடவையும் எடைக்கல் ஒரே கோட்டில் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. உயிரோடிருந்தால் கனமாக இரு என்று இந்த முறை மாற்றிக் கேட்டேன். கல் சுலபமாக இடுப்புவரை வந்துவிட்டது. முதல் முறை பாரம் தெரியாமல் தூக்கினேன், இப்போது கை தயாராக இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டு முறையும் 'இல்லை' என்றே பதில் வந்தது மனதைத் தைத்தது.

"தராசு கொண்டுவந்தாயே, அதுக்குக் கோபம்" என்றாள் மா டின்.

"கல்லுக்கே அவமானம்மா, மீன் நிறுத்த கோல் அது" என்றார் சித்தப்பா.

மூவரும் சிரித்தோம். திரும்பும் வழியில் அவள் என் தோளில் கை வைத்திருந்தாள். நான் விலக்கவில்லை.

பத்தாம் நாள் ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தோடு கப்பலுக்குக் கிளம்பினேன். மா டின் ஆற்றைக் கடந்து துறைமுகத்துக்கு வந்திருந்தாள்.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?" என்றார் சித்தப்பா.

"தெரியலேன்னு."

"அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?"

"ஆமாம் சித்தப்பா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஊரும் இதையே கேட்கும். கேட்கட்டும். படகைப் பற்றிச் சொல்வேன், மா டின்னைப் பற்றியும் சொல்வேன். அம்மா அழுவாள், என்னோடு பேசாமல் இருப்பாள். ஆனால் இறந்துவிட்டார் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

கப்பல் நகர்ந்தபோது கூட்டத்தில் மா டின்னை எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. கொண்டையில் வெள்ளைப் பூ. நான்கு வருஷமாக ஒரே மனிதருக்காகக் காத்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி தினமும் பூ வைக்கிறாள். மற்றவளான அம்மாவை, கழுத்தில் தாலி இருந்தும், ஊரின் வாய்க்கு அஞ்சிப் பூ வைக்காமல் இருக்கும்படி செய்துவிட்டோம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சென்னையில் இறங்கியதும் முதல் வேலை, அம்மாவுக்கு இரண்டு முழம் கதம்பம் வாங்குவது.