ஒரே எழுத்தில் இரண்டு சொல்

அடிபிடித்த கேழ்வரகுக் களியின் கருகல் வாடை இன்றும் எங்கேனும் மூக்கில் ஏறினால், ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரை அடுத்த பாகலூரில் எங்கள் கூட்டுக் குடும்பம் எரித்த ஒற்றை அடுப்பும், அதன் இருபுறமும் நின்ற இரண்டு பெண்களும் என் நினைவில் எழுகின்றனர். ஒருவர் என் தாயார். தெற்கே வேலை பார்த்த தந்தை ஊர் திரும்பியபோது உடன் வந்தவர், கன்னடம் அறியாதவர். மற்றவர் என் சின்னம்மா, சித்தப்பாவின் மனைவி. அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், பதற்றத்தில் தமிழை விட்டுத் தாய்மொழிக்குத் தாவிவிடுபவர்.

கைக்குழந்தையாயிருந்த என் தம்பிக்கு அன்று கடுங்காய்ச்சல். வெந்நீர் வைக்கக் களிப்பானையை இறக்கச் சொன்னார் தாயார். ஆட்கள் காட்டு வேலைக்குப் போகவேண்டும், சற்றுப் பொறுங்கள் என்றார் சின்னம்மா. களி அடிபிடித்தது, பேச்சும் தடித்தது. "மாட்டுக்குப் போடுத உருண்டையக் கிண்டிட்டு, வாய் வேற கேக்குதோ?" என்று தாயார் ஏளனம் செய்யவே, சின்னம்மா குழந்தையிருந்த பக்கமாகக் கையை வீசி, "அக்கா, சாகு, சாகு" என்று அழுதார். கன்னடத்தில் அச்சொல்லுக்குப் 'போதும்' என்பதே பொருள். தமிழில் எழுதிப் பார்த்தால் அது 'செத்துப்போ' என்னும் வேறு சொல்லாகிவிடுகிறது.

அந்த வாரத்திற்குள் குழந்தை இறந்துபோயிற்று.

மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் "கைகொடுத்து" ஒப்புரவான பின்னரே அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் சேரலாம் என்பது எங்கள் சபையின் வழக்கம். உபதேசியார் வீடு தேடி வந்து, சொல்லின் பொருளைத் தாயாருக்குப் பொறுமையாக விளக்கினார். "அர்த்தம் வெளங்கிட்டு, அய்யா. ஆனா காதுல விழுந்தது போவ மாட்டேங்கு" என்றார் தாயார். சின்னம்மாவோ, தம்மேல் குற்றமில்லை என்று சபையே சொல்லியும், "அக்கா வராம நா மட்டும் எப்பிடிங்க போறது?" என்று பின்தங்கிவிட்டார். இவ்வாறு திருவிருந்து தோறும் எல்லாரும் எழுந்து முன்செல்ல, ஒரே பாயின் இரு முனைகளில் அவ்விருவர் மட்டும் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். பிணக்கைத் தீர்க்க ஏற்பட்ட வழக்கம், அதைச் சபை நடுவில் நிரந்தரமாக உட்காரவைத்துவிட்டது.

சாவில் முந்திக்கொண்டவர் சின்னம்மா. பெட்டியை மூட வந்தவர்களைத் தடுத்து, குளிர்ந்துபோன அந்தக் கையைத் தாயார் பற்றிக்கொண்டு விடவே இல்லை. அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்த பெண்கள் தாயாரின் தோளை அணைத்து, "சாகு அம்மா, சாகு" என்று தேற்றினர். அடுத்த திருவிருந்துக்கு உபதேசியாரே வந்து அழைத்தார். "கைகொடுக்க ஆளில்லையே, அய்யா" என்று கூறிப் பாயின் தம் முனையிலேயே தாயார் இருந்துவிட்டார்.

அந்த வீடிருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் நிற்கிறது. கைகொடுக்கும் வழக்கமும் மறைந்தது. இருந்த இடத்திலிருந்தே தலையசைத்துக்கொள்கிறோம். ஓசூர்ச் சாப்பாட்டுக் கடைகளில், வேலை விட்டு வந்த கன்னட இளைஞர்கள் இலைக்குமேல் கையை மறித்து, "சாகு, சாகு" என்கிறார்கள். தமிழரான பரிமாறுபவர் உடனே கரண்டியை நிறுத்திக்கொள்கிறார்.