நல்ல தண்ணீருக்குக் கட்டிய சிவப்பு நாடா

போன மாதம் மதுரங்குளிச் சந்தியில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்தேன். முதல் மிடறிலேயே நாக்கின் ஓரத்தில் உப்பு. கடைக்காரரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அந்த உப்பு எனக்குப் பழக்கமானது.

அப்போது நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டுமானம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைப் பயிற்சிக்கு என்னைக் கற்பிட்டிப் பக்கம் அனுப்பினார்கள். எதையும் முடிக்கிற பழக்கம் எனக்கில்லை, ஆனால் அந்த வேலை பிடித்திருந்தது. கடலுக்கும் உப்பேரியான களப்புக்கும் நடுவே மணல் நிலம். கிணறு கிணறாகப் போய், கம்பி வைத்த சின்னப் பெட்டியால் தண்ணீரில் உப்பு அளக்க வேண்டும். நல்ல கிணறென்றால் சிவப்பு நாடா கட்ட வேண்டும். செருப்பு அறுந்த பிறகு வெறுங்காலோடு திரிந்தேன்.

எங்கள் எஞ்சினியர் தன் சோற்றுப் பார்சலில் பாதியை எனக்குத் தருகிற மனிதர். நாடா எதற்கென்று கேட்டேன். "நல்ல ஊத்து எங்க எண்டு தெரிஞ்சாத்தானே தம்பி, இந்தச் சனத்துக்குக் குழாய் போடலாம்" என்றார். அதையே நான் வீடு வீடாகச் சொன்னேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களின் குடியிருப்பு ஒன்று அங்கே இருந்தது. அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுகிற சனம். சித்தி என்ற ராத்தாவின் வீட்டுக் கிணறுதான் எல்லாருக்கும் குடிதண்ணீர். வழியில் போகிற எவரையும் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள். அவ்வளவு பெருமை. என் பெட்டியைப் பார்த்து ராத்தா சிரித்தார்.

"நாக்கக் கழட்டி வச்சிட்டா உங்கள அனுப்புறாங்க? எங்கட தண்ணியக் குடிச்சிப் பாருங்க."

வாளியைத் தொப்பென்று போட்டேன்.

"மெல்ல! மேலால அள்ளுங்க. கலக்கினா உப்பு ஏறிடும்."

அந்த மணலுக்குள் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். அதனால் அந்தக் கிணற்றில் எவரும் மோட்டார் வைத்ததில்லை. கல்யாண வீட்டுக்கும் வாளிதான். பெட்டியும் நல்ல தண்ணீர் என்றே காட்டியது. நாடாவைக் கட்டினேன்.

"என்ன தம்பி, கிணத்துக்குக் கலியாணமா?" என்றார் ராத்தாவின் கணவர்.

"ஓம் நானா, குழாய்தான் மாப்பிள்ளை."

எல்லாரும் சிரித்தோம்.

பிறகு என்னைச் சில வாரங்களுக்குச் சிலாபத்துக்கு, மீன் சந்தைப் பக்கத்து வடிகால் அளக்க, அனுப்பிவிட்டார்கள். அந்த நாற்றம் சட்டையிலிருந்து போவதற்குள் திரும்பி வந்தேன். ராத்தாவின் வேலிக்கு அடுத்த காணியில் குழாய்க்கிணறும் பெரிய மோட்டாரும். கறுப்புக் குழாய் வீடுகள் பக்கம் திரும்பவே இல்லை; நேரே கடற்கரைப் புது ஹோட்டலுக்குப் போயிருந்தது. ராத்தா தேநீர் தந்தார். வாயில் வைக்க முடியாத உப்பு.

"உங்கட மாப்பிள்ளை ஹோட்டலோட போயிட்டார் தம்பி" என்றார் நானா. இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.

"நீங்க கட்டினத நீங்களே அவுத்திட்டுப் போங்க" என்றார் ராத்தா.

உப்புக் காற்றில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

எஞ்சினியரிடம் போனேன். "சனத்துக்கு எண்டீங்களே சேர்?"

"ஹோட்டலுக்கு வாறவனும் சனந்தானே. உள்ளதச் சொல்லியிருந்தா உன்னக் கிணத்தடிக்கு விட்டிருப்பாங்களா? பயிற்சிக் கடிதம் நாளைக்கு வந்து எடு. சாப்பிட்டியா?"

பார்சலைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். அதைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை. கடிதத்துக்கும் போகவில்லை, படிப்பு அத்தோடு நின்றது. உப்பளம், லொறி என்று வேறு வேலைகள் வந்தன.

மதுரங்குளித் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, பாலாவியில் மாறிக் கற்பிட்டி பஸ் பிடித்தேன். மோட்டார் இல்லை; கடைசியில் அதுவும் உப்பைத்தான் இழுத்ததாம். இப்போது தண்ணீர் ஏற்றிய பௌசர் லொறி வருகிறது, முதலில் ஹோட்டலுக்கு, மிச்சம் குடியிருப்புக்கு. கிணற்றை மணல் போட்டு மூடிவிட்டார்கள். ராத்தா வீட்டார் எங்கே போனார்களென்று சரியாகத் தெரியவில்லை.

வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். கேன்களோடு காத்திருந்த பெண்கள் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று எவரும் கேட்கவில்லை.