ஒரு நாள் பாக்கி

எங்கள் மலையில் அந்தக் காலத்தில் களைவெட்டுக்குக் கூலி கிடையாது. இன்று நீங்கள் என் கொல்லைக்கு வந்தால் இன்னொரு நாள் நான் உங்கள் கொல்லைக்கு வர வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு நாள். ஆனால் கொல்லைக்காரர் வந்து கூப்பிட்டால்தான் அது கணக்கு. கூப்பிடாமல் போய் வெட்டினால் சும்மா செய்த உதவிதான், கடன் கழியாது.

எனக்கு மூத்தவன் பிறந்த வருஷம் சாமைக் கொல்லையில் களை மண்டிக் கிடந்தது. பச்சை உடம்பு, குனிய முடியாது. வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் எட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வந்தார். எட்டாவது ஆளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கொல்லைக்காரி. அவள் ஆடு என் அவரைக் கொடியை அடியோடு மேய்ந்த நாளிலிருந்து, இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. இந்த மனுஷனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்தேன். அவளோ ஒன்றும் நடக்காதது போலக் களைக்கொத்தோடு இறங்கி, மற்ற ஏழு பேருக்கும் முன்னால் வெட்டிக்கொண்டு போனாள்.

நாள் கடன் இருக்கும்வரை அந்த வீட்டாரிடம் முகத்தைத் திருப்பக் கூடாது. ஊர் வழக்கம் அது. எனக்குப் பெரிய தண்டனை. நான் வீம்புக்காரி. அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டால் பழையபடி நிம்மதியாகக் கோபமாக இருக்கலாம் என்று காத்திருந்தேன்.

மறு வருஷம் ஏழு வீட்டுக்கும் போய்க் களை வெட்டிவிட்டு வந்தேன். அவள் கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில் பார்த்தால் களை வெட்டியாச்சா என்று நானே கேட்பேன். ஆச்சு என்பாள். பிறகு பிள்ளைக்குச் சளி, மழை வருமா என்று பேச்சு நீளும். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் பொறுமை போயிற்று. விடிந்ததும் நானாகவே அவள் கொல்லையில் இறங்கி, பொழுது சாயும்வரை வெட்டினேன். கடன் தீர்ந்தது என்று சொல்லிக் கிளம்பினேன். கூப்பிடாமல் வந்தது கணக்கில் சேராதே என்று சிரித்தாள். ஆத்திரத்தில் அது எனக்கு மறந்தே போயிருந்தது.

"ஏங்க்கா என்ன கூப்புடவே மாட்டேன்ற?" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

அவள் களைக்கொத்திலிருந்த மண்ணைச் சுரண்டினாள். "கூப்புட்டா நீ வந்து வெட்டிட்டு போயிடுவ. அப்பறம் எங்கூட பேசுவியாடி?"

பேசியிருக்க மாட்டேன். வெட்கமாக இருந்தது. ஆட்டின் மேலிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணோம்.

இப்போது மலை முழுக்க மரவள்ளி. களைக்குக் கூலி ஆள் வருகிறது. கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் மூத்தவன், தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் போன மாசமும் போன் செய்தான். இங்கே ஒரு நாள் கடன் பாக்கி இருக்கிறது, எப்படிடா வருவது என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கொல்லை அவரைக்காயில் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இந்த வருசமும் கூப்புட்றதா இல்ல" என்றாள்.