எங்கள் குதிரையைப் பற்றிக் கேட்காதீர்கள்

குதிரைகள் தடை தாண்டும் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று காலையிலேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் பலிக்கும். துபாய்க்கு வெளியே மணல்காட்டு ஓரத்தில் இருக்கிற எங்கள் சவாரி கிளப்பில் இதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். கையில் கரக் சாயாவோடு வந்து வேலியில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். பந்தயம் கட்டுவதெல்லாம் கிடையாது, இந்த ஊரில் அதை நினைத்தே பார்க்க முடியாது. சும்மா பேச்சுதான். நான் சொன்னது பலித்தால் அடுத்த வாரம் எனக்கு ஒரு கரக் வந்து சேரும்.

இது எப்படி உங்களுக்குத் தெரிகிறது என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையில் நான் பார்ப்பது எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அல்ல, யார் விழுவார் என்று. என் மகள் முதன்முதலில் சேணத்தில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஒரே நினைப்புதான். எந்தக் குதிரை மிரளும், எந்தப் பிள்ளையின் கை நடுங்குகிறது, எந்தத் தடைக்கு முன்னால் மணல் பெயர்ந்து கிடக்கிறது, எல்லாம் கண்ணில் பட்டுவிடும். விழக்கூடியவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். அவர் பெயரைத்தான் நான் சொல்வேன்.

நான் கீழக்கரைக்காரி. கணவருக்கு பர் துபாயில், மீனா பஜாரில், துணி வியாபாரம். சனிக்கிழமை என்றால் கடையை விட்டு அசைய மாட்டார். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிப்போய்க் குதிரையைக் காட்டினார்கள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பொட்டப்புள்ளைக்குக் குதிரை எதற்கு என்று ஊரிலிருந்து போன் மேல் போன் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரையும் நான் வாயாலேயே வறுத்தெடுத்தேன். வெளியில் அவ்வளவு சவடால் பேசினேனே தவிர, அவள் ஏறினால் இறங்கும்வரை என் உதடு ஓதிக்கொண்டே இருக்கும்.

வேலியோரத்தில் எல்லாக் குதிரைகளைப் பற்றியும் பேசுவேன், எங்கள் குதிரையைத் தவிர. யாராவது விடாமல் கேட்டால், "அவளா, மூணாவது தடையிலேயே கம்பத்தைத் தட்டிருவா" என்று சொல்லி முடித்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டால் எங்கே, பட்டினிதான் கிடக்கிறது என்போம். பரீட்சையில் முதலாவதாக வந்திருந்தால் ஏதோ பாஸாகிவிட்டாள் என்போம். பிள்ளையின் நல்லதைத் தாயே நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். எகிப்துக்காரி ஒருத்தி தன் மகனை வானளாவப் புகழ்ந்துவிட்டு ஒரு மாஷா அல்லாஹ்வைச் சேர்த்துக்கொள்வாள். அவளுக்கு அந்த ஒரு சொல் போதும். மற்றப் பிள்ளைகளுக்கென்றால் எனக்கும் போதும், என் பிள்ளை குதிரை மேலல்லவா இருக்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில், பனிமூட்டம் இறங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, பெரிய போட்டி வந்தது. தடைகள் அவள் அதுவரை தாண்டியதைவிட உயரம். குதிரையும் புதிது. பழைய குதிரை வயதாகி ஓய்ந்துவிட, ஐரோப்பாவிலிருந்து வந்த உயரமான பழுப்புக் குதிரையைக் கிளப்பில் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் ஒவ்வொரு தாவலும் நீளம். கால் மண்ணிலேயே படாததுபோல் ஓடும். அதைப் பார்த்த அன்றே எனக்குத் தூக்கம் போயிற்று. அவளோ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வழியெல்லாம் காரில் நான் ஓதிக்கொண்டே ஓட்டினேன். முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய் இறங்கியதும் தலைக்கவசத்துக்கு உள்ளே கட்டுகிற துணியில் குண்டூசி எதுவும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். விழுந்தால் அது குத்தும். பிறகு காற்றுச் சட்டையின் கயிற்றைச் சேணத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். சவாரி செய்கிறவர் சேணத்தை விட்டுத் தூக்கியெறியப்பட்டால் அந்தக் கயிறு இழுபட்டு, சட்டை வெடித்து ஊதிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் விழுந்தபோது அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்ட அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

"உம்மா, போதும்," என்றாள். "எல்லாம் செக் பண்ணிட்டேன்."

நான் பயிற்சி வளையத்துக்குப் போய் என் வழக்கமான இடத்தில் நின்றேன். மலையாளி டாக்டர் ஒருவர் கரக்கோடு வந்தார். அவர் மகளும் அன்று ஓடுகிறாள். என்னை அக்கா முறை வைத்து இத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"இத்தா, இன்னிக்கு ஆரு?"

சொன்னேன். அயர்லாந்துப் பெண் ஓட்டுகிற சாம்பல் குதிரைக்குத்தான் முதலிடம். பயிற்சியில் சோம்பேறி மாதிரி காதைத் தொங்கப்போட்டு நடக்கும், ஒரு சொட்டு பலத்தை வீணாக்காது. உள்ளூர் அரபுப் பையனின் குட்டைச் செம்பட்டைக் குதிரை இரண்டாவது. சின்ன இடத்தில் திரும்பும், பனியில் நனைந்த மணல் அதற்குத் தோது. எகிப்துக்காரியின் மகனுடைய கறுப்புக் குதிரைதான் இருப்பதிலேயே வேகம், ஆனால் பையன் பயந்தால் கடிவாளத்தை இழுப்பான், கடைசிக் கம்பம் விழும். டாக்டரின் மகள் ஒன்றையும் தட்டாமல் மெதுவாக வந்து மூன்றாவதாக நிற்பாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முதல் சுற்றில் கம்பம் தட்டாமல் வந்தவர்கள் மட்டும் இரண்டாம் சுற்றில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட வேண்டும். அதில் ஒரு தடையிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு வழி இருந்தது. வரிசையாக வைத்திருந்த ஈச்சஞ்செடித் தொட்டிகளைச் சுற்றிப் போகலாம், தூரம். தொட்டிகளுக்கு உள்பக்கமாகத் திரும்பினால் கிட்டம், ஆனால் திரும்பிய உடனே தடை முகத்துக்கு நேரே வந்துவிடும். குட்டைக் குதிரை சமாளிக்கும். நீளமாகத் தாவுகிற குதிரை உள்ளே திரும்பினால் குப்புற விழும்.

அந்த நேரம் பார்த்து, கிளப் வரவேற்பில் இருக்கிற பிலிப்பினோ பெண் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் என்னிடம்தானே கேட்கிறார்கள், வீடியோவாகச் சொன்னால் கிளப் குரூப்பில் போடுவேன் என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு, மறுப்பானேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு குதிரையைப் பற்றியும் சொன்னேன். உங்கள் மகள் எப்படி என்று கேட்டாள். அவ்வளவு பேர் பார்க்கப்போகிற வீடியோ. வாய் தானாகப் பேசியது. அந்தக் குதிரை அவளுக்குப் பெரிது, அவள் இன்னும் தயாராகவில்லை என்றேன். அதோடு நிறுத்தாமல், அவள் உள்பக்கம் திரும்பமாட்டாள், அதற்கெல்லாம் அவளுக்குத் தைரியம் கிடையாது என்றும் சொன்னேன். பாதி கண்ணூறுக்காக, பாதி என் ஆசைக்காக. அப்படிச் சொல்லி வைத்துவிட்டால் அப்படியே நடந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

முதல் சுற்றில் அவள் முறை வந்தது. பழுப்புக் குதிரை ஒவ்வொரு தடைக்கும் முன்னால் தலையை உலுக்கியது. அவள் அதோடு சண்டை போடவில்லை, கையைத் தளர்த்திக் காத்திருந்து, சரியான இடத்தில் விட்டாள். ஒரு கம்பம்கூட ஆடவில்லை. நாலு வருஷமாக எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறேன், அப்படி ஒரு கையை நான் அங்கே கண்டதில்லை. டாக்டர் கைதட்டினார். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ தப்பிச்சிட்டா" என்றேன்.

இரண்டாம் சுற்றுக்கு முன் தண்ணீர் கொடுக்கப் போனேன். குதிரையைப் பிடித்தபடி ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வீடியோ பார்த்தேன் உம்மா."

"அது சும்மா பேசுனதுடா."

"நாலு வருஷமா எல்லாரையும் சொல்றீங்க. என்னை ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

அவளுக்கு எங்கிருந்து தெரியும். கண்ணூறு என்ற சொல்லை அவள் காதில் கேட்டிருப்பாள், அவ்வளவுதான். தாய் பிள்ளையைத் தாழ்த்திப் பேசினால் உள்ளே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள் என்று அர்த்தம் என்பதை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இதையெல்லாம் ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். நீதான் ஜெயிப்பாய் என்ற இரண்டு சொல் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொல்லி அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் வேறு.

"பிஸ்மி சொல்லிட்டு போ," என்றேன்.

அவள் ஏறிக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் எல்லோரும் ஓடி முடித்திருந்தார்கள். சாம்பல் குதிரை முதலில் நின்றது, செம்பட்டை அடுத்து. கறுப்புக் குதிரை கடைசிக் கம்பத்தைத் தள்ளியது. டாக்டரின் மகள் ஒன்றையும் தட்டாமல் மெதுவாக வந்து மூன்றாவதாக நின்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்தது. பழுப்புக் குதிரை கிளம்பிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் சுற்றில் இருந்த அந்தத் தளர்ந்த கை இப்போது இல்லை. குதிகாலால் அதை உதைத்துக்கொண்டே இருந்தாள். வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளே, சுத்திப் போ, சுத்திப் போ என்று கெஞ்சினேன். தொட்டிகளிடம் வந்தாள், உள்ளே திரும்பினாள்.

தடை குதிரையின் முகத்துக்கு நேரே வந்தது. அது தாவப் பார்த்தது, இடம் போதவில்லை, முன்கால்களை மணலில் ஊன்றி நின்றது. அவள் அதன் தலைக்கு மேலாகப் போனாள். அந்த வெடிச்சத்தம் கேட்டது. கம்பங்கள் உருண்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஓடினேன். வாசலில் நின்ற பட்டாணிக் காவலாளி இரண்டு கையையும் விரித்து மறித்தார். களத்துக்குள் பெற்றோர் போகக்கூடாது. "ருகோ பாஜி, ருகோ," நில்லுங்கள் அக்கா என்றார் மெதுவாக. அவர் கைக்கு மேலே எட்டி, மணலில் கிடந்த அவள் பூட்ஸை மட்டும் பார்த்தேன். அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. யா அல்லாஹ், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எதையெதையோ நேர்ந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் குனிந்து மறைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பூட்ஸ் மடங்கி நிமிர்ந்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

தோள்பட்டை எலும்புதான் முறிந்திருந்தது. தலைக்கும் முதுகுக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் என்னை உட்காரவிட்டார்கள். இமையிலெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. என் மடியில் இருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கிளப் குரூப்பில் செய்தி மேல் செய்தி வந்துகொண்டிருந்தது. விழுந்தவள் யார் என்று அறியாத யாரோ, இன்றும் எல்லாம் பலித்துவிட்டது என்று எழுதிக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அவள் தலையைச் சாய்த்து அதை வாசித்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் தப்பு உம்மா," என்றாள். "நான் உள்ள திரும்புனேன்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. யார் கண் பட்டாலும் படட்டும் என்று தோன்றியது.

"அந்தக் களத்துல உன்னை மாதிரி ஓட்டுறதுக்கு ஒருத்தரும் இல்ல. எனக்கு முதல் வருஷத்துலேருந்தே தெரியும். இன்னிக்கு முதல் சுத்துல உன் கையைப் பார்த்தேன், அப்பவும் தெரியும். சொல்றதுக்குத்தான் பயம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோன ஒருத்தியைச் சமாதானப்படுத்துகிற முகம் அவளுக்கு.

"அடிபட்டதுனால சொல்றீங்க," என்றாள். "சொல்ல வேணாம் உம்மா. ஐ ஆம் ஓகே."

நல்ல கையால் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.