துலுக்கச் சாமந்தி

மகளுக்கு அப்போது நான்கு வயது. பால்வாடியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் தன் கையை மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன்.

"ம்மா, எனக்கு வாசமே இல்லையா?"

சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் அனுப்பியிருந்தேன். "யாரு சொன்னா?"

"டீச்சர் கதயில. பூவெல்லாம் கோயிலுக்குப் போச்சாம். மல்லி உள்ள போச்சு, ரோசா உள்ள போச்சு. துலுக்கச் சாமந்திய மட்டும், ஒனக்கு வாசம் இல்ல, நீ வெளியவே நில்லுன்னு மத்த பூவெல்லாம் சொல்லிருச்சாம். என் பக்கத்துல ஒக்காந்திருந்தவன், 'நீதான துலுக்கச்சி, வெளிய போ'ன்னு என்னயத் தள்ளிவிட்டான். எல்லாரும் சிரிச்சாக."

துலுக்கச்சி என்றால் முஸ்லிம்களான எங்களைக் குத்திச் சொல்வது. ஆனால் திண்டுக்கல் பக்கம் அந்த ஆரஞ்சுப் பூவுக்குத் துலுக்கச் சாமந்தி என்றுதான் பேர். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் நிலக்கோட்டையிலிருந்து பூ மார்க்கெட்டுக்கு லோடு அடிப்பவர். விடிந்தால் போனில், "துலுக்கச் சாமந்தி மூடை வருதுண்ணே, எறக்க ஆள் வைங்க" என்று கத்துவார். ஒருநாளும் அது என் காதில் உறுத்தியதில்லை.

அவரிடம் சொன்னேன். "பூவு பேருக்கெல்லாமா போயி நிப்ப? விஷயம் வெளிய போச்சுன்னா நம்ம தெருவுல நாலு பேரு கெளம்புவான், அந்தப் பக்கம் நாலு பேரு கெளம்புவான். பெறகு எனக்கு எவன் லோடு தருவான்? வாயப் பொத்திக்கிட்டு இரு" என்றார்.

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஆனால் மகள் மறுநாள் பால்வாடிக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவதோடு நின்றவள் நான். டீச்சரிடம் போய்க் கதை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அந்த டீச்சர் சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். தோட்டத்து வெள்ளரிப்பிஞ்சைப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுப்பாள். நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா, சத்தியமா பூவத்தான் சொன்னேன். எங்க தோட்டத்துல அதான் போட்டிருக்கோம். கடசியில சாமியே வெளிய வந்து அந்தப் பூவத்தான் எடுத்துக்கிட்டாரு. அதப் பாப்பா சொல்லலையா?"

சொல்லவில்லை. தள்ளிவிட்டதோடு அவளுக்குக் கதை முடிந்துபோயிருக்கிறது.

"நான் சண்டைக்கு வரல டீச்சர். செண்டுமல்லின்னு மாத்திச் சொல்லுங்க, அம்புட்டுத்தான்."

"மேல யார்கிட்டயும் சொல்லிறாதீகக்கா. என் வேல போயிரும்."

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். என்னைப் பார்த்து ஒருத்தி பயந்தது அதுதான் முதல் தடவை. நன்றாகவே இல்லை.

அன்றிலிருந்து அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். மத்தியானச் சோறு முடிந்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக் கார்ட்டூன் போட்டுவிடுவாளாம். ஒருநாள் முன்னதாகவே கூப்பிடப் போனேன். எல்லாப் பிள்ளைகளும் போனை மொய்த்துக்கொண்டு இருந்தார்கள். என் மகள் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தனியாக. என்னைக் கண்டதும் ஒரு வாண்டு, "கதயக் கெடுத்த அம்மா வந்துட்டாக" என்றது.

டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டேன். "பழையபடி கத சொல்லுங்க டீச்சர்."

"எதக்கா சொல்ல? பன்னி வந்தா தப்பு. ஆட்ட வெட்டுனா தப்பு. சாமி வந்தா தப்பு. இப்பப் பூவும் தப்பாயிருச்சு. எதச் சொல்லலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவள் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். காக்கா என்று என் வாய் வரை வந்தது. காக்கா கறுப்பு, அதைச் சொல்லி எந்தப் பிள்ளையைத் தள்ளிவிடுவார்களோ என்று விழுங்கிவிட்டேன். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் அவள் என் கையை உதறினாள். "இனிமே டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா."

"சரிடி, சொல்லல."

இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று தினமும் கேட்கிறேன். ஒண்ணுமில்லம்மா என்கிறாள்.