சேவியின் டேப்புக்கு நாலு மார்க்

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் வேலை பார்த்தால் காது கெட்டுவிடும் என்று பயமுறுத்தினார்கள். எனக்குக் காது நன்றாகவே இருக்கிறது, பொறுமைதான் போய்விட்டது. மளிகைக் கடையோ மருந்துக் கடையோ, கவுண்டருக்கு உள்பக்கம் நின்று ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும் நீங்கள் என் ஜாதி. படித்துவிட்டு உங்கள் பங்குக்கு நீங்களும் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கடை மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்குப் போகிற சந்தின் முனையில். முதலாளி காமத், கொங்கணிக்காரர். நான் முருகேசன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பம். சோப்புத் தண்ணீர் பிடிக்காமல் நான் மட்டும் டேப் ரிக்கார்டர் பக்கம் தப்பி வந்தவன்.

கரும்பலகை

ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து, "இந்த டேப்பு நல்லதா?" என்று கேட்பார்கள். நல்லது என்றால், "வேற எல்லாம் மோசமா?" என்பார்கள். மோசம் என்றால், "பின்னே எதுக்கு வச்சிருக்கே?" என்பார்கள். இந்த வேதனை தாங்காமல் ஒரு சிலேட்டை வாங்கிச் சுவரில் மாட்டினேன். டேப்பின் பேர், பக்கத்தில் பத்துக்கு எத்தனை மார்க். என் காதுக்குப் பட்டதை எழுதினேன். யார் முகத்துக்காகவும் அரை மார்க் கூட்டியதில்லை. ஆறு மாதத்தில், சிலேட்டைப் பார்க்காமல் டேப் வாங்குகிற ஆளே இல்லை என்று ஆகிவிட்டது.

அதிலும் சண்டைதான். கயிற்றுக் கடைக்காரர் ஒருவர், தனக்குப் பிடித்த பாடகருக்கு நான் மூன்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். சிலேட்டை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, ஸ்கூல்ல உனக்கு மூணு போட்ட வாத்தியார் மேல இருக்கிற கடுப்பையா இங்கே காட்டறே?"

மூன்றாவது டேப்

எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். பேர் டிரெட்ஜர்ஸ். துறைமுகத்தில் சேறு வாருகிற கப்பலுக்கு டிரெட்ஜர் என்று பேர், அதை வைத்துக்கொண்டார்கள். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டார்கள். சொந்தமாக இங்கிலீஷில் எழுதி வாசிப்பார்கள். இரண்டு டேப் வெளியிட்டார்கள். முதல் டேப்புக்கு ஏழு போட்டேன், இரண்டாவதுக்கு எட்டு. எட்டுக்கு மேல் அந்தச் சிலேட்டில் யாருமே போனதில்லை. குழுவின் கிட்டார் சேவி, கும்பளங்கிக்காரன். பாடகனோடு மேடையிலேயே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். ஒரு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, தன்னந்தனியாக ஒரு டேப் பண்ணினான்.

அதை அவனே கொண்டு வந்து, பிரதி எடுத்து விற்கச் சொல்லிக் கவுண்டரில் வைத்தான். ஒன்பது உருப்படி. ஒன்றுக்கும் பேர் கிடையாது, ஒன்று, இரண்டு என்று நம்பர்தான். அட்டையில் அவன் முகம் மட்டும். என்னோடு பேசும்போது அவனுக்குப் பாதி மலையாளமும் பாதி தமிழும் கலந்து வரும். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், அது அவனுக்கும் தெரியும். படியிறங்கப் போனவன் திரும்பி வந்து சொன்னான். "முருகா, மொகம் நோக்கி மார்க் போடாதே, கேட்டோ. நீயும் பொய் சொன்னா எனிக்கு வேற ஆளில்லா."

நாலு

மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாம் தடவை வருத்தம் வந்தது, மூன்றாம் தடவை மறுபடியும் கோபமே வந்தது. விரல் அதே விரல்தான், வேகமும் குறையவில்லை. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. குழுவில் இருந்தபோது அவன் நீட்டிக்கொண்டு போனால் டிரம்ஸ்காரன் ஒரு அடி போட்டுக் கூப்பிட்டுவிடுவான், பாடகன் நடுவில் புகுந்துவிடுவான். இங்கே கூப்பிட ஆளில்லை. டிரம்ஸுக்குப் பதில் ஒரு மெஷின் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது. பாட்டையும் அவனே மூக்கால் பாடியிருந்தான். ஐந்தாவதும் எட்டாவதும் மட்டும் அருமை. ஐந்தாவதில் ஒரு இடம் வரும், டேப்பைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டேன். அந்த இரண்டுக்காக நாலு மார்க்.

எழுதி முடித்துத் திரும்பினால், பின்னால் முறுக்கு தின்றுகொண்டிருந்த பக்கத்துக் கடைத் தையல்காரர் சிலேட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "சிநேகிதனுக்கே நாலுன்னா, உனக்குப் பெண்ணு தரவன் பாவமாக்கும்."

மிச்ச நிமிஷங்கள்

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். அறுபது நிமிஷ கேசட் என்றால் அறுபது நிமிஷமும் பாட்டு இருக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் காலியாக விட்டால் எடையில் அடித்த மாதிரி சண்டைக்கு வருவார்கள். ஒரு தடவை வைட்டிலாவிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, ஏழு நிமிஷம் காலி என்று டேப்பைக் கவுண்டரில் விட்டெறிந்தார். அதனால் எந்த டேப்பில் இடம் மிஞ்சினாலும் அதே மாதிரி நாலு பாட்டைப் போட்டு ரொப்பிவிடுவோம். அதற்கு யாரிடமும் கேட்பதில்லை. கை தானாகச் செய்யும்.

சேவியின் சமாச்சாரம் நாற்பத்தொரு நிமிஷம்தான். முதல் பக்கம் முழுசாகப் போய், இரண்டாம் பக்கத்தில் பதினொரு நிமிஷத்தோடு முடிந்துவிடும். பத்தொன்பது நிமிஷம் மிச்சம். அதே மாதிரிப் பாட்டுக்கு நான் எங்கே போவேன்? டிரெட்ஜர்ஸின் இரண்டாவது டேப்பிலிருந்து கடைசி நாலு பாட்டை எடுத்து ஒட்டினேன். ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்க விடாமல் அந்த வைட்டிலாக்காரர் அன்று போட்ட கூச்சல் காதிலேயே இருந்தது. "மிச்ச ஏழு நிமிஷம் யாருடா பாடறது, எண்டெ மாமனாரா வந்து பாடுவாரு?"

கிட்டார் தெரிந்த மாணவர்

ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. காலேஜ் பையன் ஒருத்தன், தோளில் கிட்டார், அதை வாசித்து யாரும் பார்த்ததில்லை. வந்ததும் சிலேட்டை விரலால் தட்டினான். "நாலா? இதுக்கா நாலு? அந்தக் கடைசிப் பாட்டுகளைக் கேட்டியா நீ? தனியா வந்தப்புறம்தான் சேவி சேவியாயிருக்கான். அந்தப் பழைய பேண்டு இவன் கால்தூசிக்கு வராது" என்றான். எனக்குத் தலை சுற்றியது. "தம்பி, கடைசி நாலும் அந்தப் பேண்டோட பாட்டுதான், நான்தான் ரொப்பினேன்" என்றேன். அவன் சிரித்தான். அந்தப் பேண்டு இவ்வளவு நன்றாக வாசிக்காது என்றான்! இரண்டாவது டேப்பை எடுத்துப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம், அதற்குத்தான் எட்டு மார்க் போட்டு ஊரை ஏமாற்றினாயே என்றான்.

என் கையால் நான் ஒட்டிய பாட்டை எடுத்து என் தலையிலேயே அடிக்கிறான். அடித்துவிட்டுப் போகும்போது, தமிழனை மட்டமாகக் கூப்பிடுகிற பாண்டி என்ற பேரை வைத்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை. "துணி வெளுக்கறது எப்படீன்னு பாண்டிக்குத் தெரியும், கிட்டாரைப் பத்தி பாண்டிக்கு எந்தறியாம்?"

பியானோ டீச்சர்

சரி, பையனை விடுங்கள். இடப்பள்ளியிலிருந்து வாரம் ஒரு முறை வருகிற பியானோ டீச்சர் ஒருவர் உண்டு. நாற்பது வருஷம் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர். அவர் சொன்னால் தலையாட்டுவேன். அவரும் அதே டேப்பை வாங்கிப் போனார். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்து, விசிறிக்கொண்டே பேசினார். முதலில் கொஞ்சம் இழுவை என்றார். ஐந்தாவது உருப்படியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேராகக் கடைசிக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையனிடம் சொல்லி வாங்கியது போதும் என்று சும்மா இருந்துவிட்டேன். வேறு ஒருத்தன் பாடுகிறான் என்பதுகூடவா ஒரு சங்கீத டீச்சர் காதில் விழாது? அதுவும் விழுந்திருக்கிறது. "இவ்ளோ நாள் அந்தப் பேண்டுக்காரங்க இவன் கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க முருகேசா. கடைசிப் பாட்டுல பாரு, குரலைக்கூட மாத்திட்டான்!"

முதலாளியின் ஒன்பது

காமத் பாட்டே கேட்க மாட்டார். பேச்சைத்தான் கேட்பார். ஊரெல்லாம் நல்ல டேப் என்கிறது, நம் கடைச் சிலேட்டில் மட்டும் நாலு என்று இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கட்டை விரலில் எச்சில் தொட்டு என் நாலைத் தேய்த்தார். அந்த ஈரத்தின் மேலேயே ஒன்பது என்று எழுதினார்.

எட்டைத் தாண்டாத சிலேட்டு அது. நான் ரொப்பின கதையைச் சொன்னேன். அது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றார். அப்படியானால் நாலையாவது விடுங்கள், சேவி என்னிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டது பொய் மார்க் வேண்டாம் என்பது ஒன்றுதான் என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காமத் குரலை உயர்த்தவே இல்லை. "அந்த ஒம்பது அங்கே இருந்தா நீ இங்கே இருக்கலாம், அதை அழிச்சா நீ இங்கே இருக்கண்டா."

அழிக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் அழிக்கவில்லை.

சேவி வந்த அன்று

நாலு நாள் கழித்து சேவி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. சந்து முனையிலேயே யாரோ மார்க்கைச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்து சிலேட்டைப் பார்த்தான். ஒன்பது. கவுண்டரைத் தாண்டிக் கையை நீட்டி என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "ஆளுகளுக்கு எது இஷ்டமாச்சு? அஞ்சாவது அல்லே?" என்று கேட்டான். நான் கேசட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். பதில் காமத்திடமிருந்து வந்தது. "கடைசிப் பாட்டுதான் மோனே, எல்லாரும் அதையே சொல்றாங்க" என்றார்.

ஒன்பதாவதா என்று சேவிக்கு ஆச்சரியம். போடச் சொன்னான். வேறு வழியில்லாமல் போட்டேன். ஒன்பதாவது முடிந்தது. ஒரு சின்ன கிளிக் சத்தம். அடுத்து அந்தப் பாடகனின் குரல் வந்தது. யாரை விட்டு வெளியே வந்தானோ அவனுடைய குரல். நிறுத்தப் போன என் கையைத் தள்ளிவிட்டு, நாலு பாட்டையும் நின்றுகொண்டே கேட்டான். பிறகு முதலில் எத்தனை போட்டாய் என்று கேட்டான். நாலு என்றேன். இஸ்திரிச் சட்டையின் கையாலேயே ஒன்பதைத் துடைத்தான், சாக்பீஸை வாங்கித் தன் பேருக்கு நேரே நாலு என்று தானே எழுதினான். எழுதியது டேப்புக்குச் சொந்தக்காரன், காமத்தால் என்ன சொல்ல முடியும்? கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். சேவி சாக்பீஸை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "நாலு போட்டதுக்கு எனிக்கு கோபமொண்ணும் இல்லா முருகா. என் டேப்போட வாலுல அவனைக் கட்டி விட்டியே, அதுக்கு நீ எத்தற மார்க் போடுவே?"

அன்றிலிருந்து சேவியின் டேப்பில் அந்தப் பத்தொன்பது நிமிஷத்தைக் காலியாகவே விட்டேன், அதற்காகத் தினமும் கவுண்டரில் நின்று திட்டு வாங்கினேன், அந்தக் கடையில் எனக்கு நியாயமாக வந்து சேர்ந்தது அந்தத் திட்டு ஒன்றுதான்.